ராக்கபில்லி சத்தம் வரவில்லையா? கிதாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

"கிரெட்ச் வாங்கினால்தான் அந்தச் சத்தம் வருமா?" நண்பர்களின் கிதார்களைப் பிரித்து மாட்டுவதே பொழுதுபோக்காகிவிட்ட எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கிரெட்ச் ஒரு அமெரிக்க கிதார் நிறுவனம்; 'அந்தச் சத்தம்' என்பது 1950-களின் ராக்கபில்லி, அதாவது கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல். ஆரஞ்சு நிற ஹாலோபாடி (உள்ளே குழிவான உடல் கொண்ட) கிதாரின் படத்தை ஃபோனில் காட்டிக்கொண்டே கேட்பார்கள். பதில் சொல்லும் முன், அவர்கள் கையில் இருப்பதை வாங்கி ஆம்பில் (கிதார் ஒலிபெருக்கியில்) சொருகிப் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு தந்தியிலோ, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயரத்திலோ, எக்கோ பெடலின் ஒரே ஒரு திருகிலோ இருக்கும்.

1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோவில் எல்விஸுக்கு வாசித்த ஸ்காட்டி மூர் கையில் இருந்தது கிப்சன் இஎஸ்-295. அதில் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப். எதிரே சின்ன ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப். பாடகர் ஜானி கேஷுக்குப் பின்னால் லூதர் பெர்கின்ஸ் வாசித்தது பலகை போன்ற ஃபெண்டர் எஸ்க்வயர். 1956-இல் பாடகர் ஜீன் வின்சென்ட்டுடன் வாசித்த கிளிஃப் கேலப் வைத்திருந்தது கிரெட்ச்தான் என்றாலும் அது டியோ ஜெட். வெளியிலிருந்து பார்த்தால் கெட்டி மரம் போல இருக்கும். மூன்று கிதார்களும் மூன்று விதம். ஆகவே முதலில் இருப்பதைச் சரிசெய்வோம்.

எந்தக் கோளாறைத் தேடினாலும் ஆரம்ப நிலை ஒன்றுதான். பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேபிளில் நேராக ஆம்புக்குப் போங்கள். கிதாரில் வால்யூம், டோன் இரண்டும் முழுதாக. பிரிட்ஜ் (உடலின் மேல் தந்தியைத் தாங்கும் கட்டை) பக்க பிக்கப். ஆம்பில் பாஸ் 4, மிடில் 6, ட்ரெபிள் 5. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

## அறிகுறி: சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது

முதலில் தந்தி. எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. புதிதாகப் போடும்போது சுத்த நிக்கல் சுற்றிய தந்தி, 11-இல் தொடங்கும் செட் (மிக மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு). கை பழகியிருந்தால் 12. 9-இல் தொடங்கும் மெல்லிய தந்தியில் வளைத்து வாசிப்பது சுகம்தான். கீழ்த்தந்திகளில் அந்தத் 'தக்' என்ற அறை மட்டும் வராது. வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்தியும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும், ஆனால் பிரகாசம் குறையும். மந்தம் என்பதே உங்கள் புகார் என்றால் இப்போதைக்கு அது வேண்டாம்.

அடுத்து கேபிள். மிக நீளமான கேபிள் மேல் ஸ்தாயியை விழுங்கும். மூன்று மீட்டர் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இந்தப் பகுதியை இத்தோடு மூடிவிடலாம்.

பிறகு பிக்கப் உயரம். இதில்தான் நிதானம் வேண்டும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் முனைக்கும் தந்தியின் அடிப்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ., தடித்த தந்திப் பக்கம் 3 மி.மீ. என்று தொடங்கலாம். பிறகு திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கிக்கொண்டே ஒரே கார்டை அடியுங்கள். சத்தம் குறைவது முதலில் தெரியும். அதற்காகத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள். ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் கூட்டி மறுபடி கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் கார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். அங்கே நிறுத்துங்கள். நெக் பக்க பிக்கப்பை இன்னும் தாராளமாக இறக்கலாம்.

பழைய கிரெட்ச் கிதார்களில் வந்த டைனசோனிக் வகை பிக்கப் என்றால் இது இன்னும் முக்கியம். அதன் காந்தம் வலுவானது. தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியைப் பிடித்து இழுக்கும். சுருதி அலைவது போல, ஒரே தந்தி இரண்டு சுருதியில் பேசுவது போல இருக்கும். வாங்கிய அன்றே பிக்கப் பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஒருவரை, ஸ்க்ரூ டிரைவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து தடுத்திருக்கிறேன்.

அதற்கும் பிறகுதான் பிக்கப்பையே சந்தேகப்படலாம். ஒரு மல்டிமீட்டர் போதும். கேபிளைக் கிதாரில் சொருகுங்கள், வால்யூம் முழுதாக, பிக்கப் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே கிலோ ஓமில் அளங்கள். ஃபில்டர்ட்ரான் (கிரெட்சின் இன்னொரு பிக்கப்) என்றால் சுமார் 4, பி-90 என்றால் 7 முதல் 9, வழக்கமான பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 7.5 முதல் 8.5 வரை காட்டும். 14, 16 என்று காட்டினால் உங்களிடம் இருப்பது கன ராக்குக்காகச் சுற்றிய பிக்கப். அதை எவ்வளவு இறக்கினாலும் ஓரளவுக்கு மேல் தெளியாது, மாற்றுவதுதான் வழி. நூற்றுக்கணக்கில் காட்டினால் சுருளுக்குள் கம்பி அறுந்திருக்கலாம். மீட்டர் படிப்பது வால்யூம் பொத்தானின் மதிப்பை மட்டுமே. இது பிக்கப் சுற்றுபவரிடம் போக வேண்டிய வேலை. தலைமுடியை விட மெல்லிய கம்பி அது, வீட்டில் தொடாதீர்கள்.

பிக்கப்பை மாற்றுவது என்று முடிவானால் தேர்வு இப்படி: மணி போன்ற தெளிவும் இரைச்சல் இல்லாமையும் வேண்டும் என்றால் ஃபில்டர்ட்ரான். இன்னும் முரட்டுத்தனமாக, 1957-க்கு முந்தைய வாசனையோடு வேண்டும் என்றால் டைனசோனிக். கொஞ்சம் உறுமல் வேண்டும் என்றால் பி-90. ராக்கபில்லிப் பாடகர் எடி காக்ரன் தன் கிரெட்ச் 6120 கிதாரில் நெக் பக்கம் பி-90 மாட்டி, பிரிட்ஜ் பக்கம் டைனசோனிக்கை அப்படியே விட்டிருந்தார். என் காதுக்கு அதைவிட நல்ல ஜோடி இல்லை.

## அறிகுறி: சத்தம் மெலிந்து காதைக் குத்துகிறது

ட்ரெபிளைக் குறைக்கக் கை போகும். முதலில் பிக்கைப் பாருங்கள். மெல்லிய பிக் தந்தியில் படபடக்கும். தடித்த பிக், அதுவும் முனை உருண்டது, குத்தலில் பாதியைக் குறைத்துவிடும். பிரிட்ஜுக்கு ஒட்டி அடிக்கிறீர்களா? இரண்டு விரல் அகலம் நெக் பக்கம் தள்ளி அடியுங்கள்.

டெலிகாஸ்டர் வகை கிதாரில் இந்தப் புகார் அதிகம். அங்கே டோனை 7-க்கு இறக்கினால் போதும். டோனைத் தொட வெட்கப்படுகிறவர்கள் நிறைய. பொத்தான் இருப்பது திருப்பத்தான்.

அதிலும் அடங்காவிட்டால் ஆம்பின் மிடில். 1960-களின் ஃபெண்டர் பாணி ஆம்ப்கள் பலவற்றில் நடு ஸ்தாயி பள்ளமாக இருக்கும். சிலவற்றில் மிடிலுக்குப் பொத்தானே கிடையாது. அப்படியானால் பாஸையும் ட்ரெபிளையும் 3-க்குக் கொண்டுவந்து வால்யூமைக் கூட்டுங்கள். பள்ளம் தானாக மேடேறும். கடைசியாக ஸ்பீக்கர். புதிய ஸ்பீக்கர் விறைப்பாகக் கத்தும், வாசிக்க வாசிக்க இளகும். அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

## அறிகுறி: தனியாக நன்றாக இருக்கிறது, பழைய பதிவு போல மட்டும் இல்லை

இது எக்கோ. சந்தேகமே வேண்டாம்.

சன் ஸ்டூடியோவை நடத்திய சாம் ஃபிலிப்ஸ் அங்கே இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்களை வைத்து இதைச் செய்தார். பதிவு செய்யும் தலையிலிருந்து படிக்கும் தலைக்கு டேப் ஓடி வர எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். பிறகு ரே பட்ஸ் என்பவர் டேப் எக்கோவை ஆம்புக்குள்ளேயே வைத்து எக்கோசோனிக் என்று கட்டினார். ஸ்காட்டி மூர் 1955-இல் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை உருவாக்கியவரும் இதே ரே பட்ஸ்தான் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

உங்கள் டிலே பெடலில் பார்க்க வேண்டியது:

நேரம். 120 முதல் 140 மில்லி செகண்ட். ஒரே ஒரு தந்தியை அமுக்கியபடி 'டக்' என்று அடியுங்கள். 'டக்-க' என்று ஒட்டிக் கேட்க வேண்டும். 'டக்… டக்' என்று இரண்டும் தனித்தனியாக விழுந்தால் நேரம் அதிகம். ஒரே தடித்த 'டக்' ஆகக் கேட்டால் குறைவு.

திரும்பும் எண்ணிக்கை. ஒன்று. திருகை முழுவதும் இடப்பக்கம் திருப்பிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அதுதான் ஒற்றைத் திரும்பல். என்னிடம் வரும் பெடல்களில் பாதிக்கு மேல் தவறு இந்த ஒரு திருகில்தான். மூன்று நான்கு முறை திரும்பினால் அது வேறு இசை.

கலவை. அசல் சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். கார்டு அடிக்கும்போது எக்கோ இருப்பது தெரியக் கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாக வைத்தும் மேடையில் குழம்புகிறதா? ஒலி மேசையில் இருப்பவர் தன் பங்குக்கு ரிவெர்ப் சேர்த்திருப்பார். போய்க் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆம்பின் ரிவெர்பையும் 2-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

உண்மையான டேப் எக்கோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சுருதி தள்ளாடினால் டேப் தேய்ந்திருக்கும், அல்லது தலையிலும் உருளையிலும் அழுக்குப் படிந்திருக்கும். தலையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், டேப்பை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தள்ளாடினால் மோட்டார் பக்கம், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி: பிக்ஸ்பியைத் தொட்டால் சுருதி போய்விடுகிறது

பாவம், எல்லாரும் பிக்ஸ்பியை (கைப்பிடியை அழுத்திச் சுருதியை ஆட்டும் வால்பகுதியை) திட்டுவார்கள். அது ஒரு சுருள்வில்லும் தண்டும்தான். தவறு தந்தி உராயும் மற்ற இடங்களில் இருக்கும்.

சோதனை: ட்யூனரைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை மெதுவாக அழுத்தி விடுங்கள். தந்தி மேலே ஏறி நின்றுவிட்டதா? இப்போது அதே தந்தியை விரல்பலகையில் ஒருமுறை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி திரும்ப இறங்கிவிட்டால் நட்டில் (விரல்பலகையின் தலைப்பக்க முனையில் தந்தி படியும் பள்ளமிட்ட கட்டையில்) தந்தி சிக்குகிறது. சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தால் இன்னும் உறுதி. தந்தியைத் தளர்த்தி, நட்டின் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேயுங்கள். இரண்டு நாளில் மறுபடி வந்தால் பள்ளம் தந்தியைவிட ஒடுக்கமாக இருக்கிறது என்று பொருள். 9 தந்தியிலிருந்து 11-க்கு மாறியவர்களுக்கு இது கட்டாயம் வரும். பள்ளத்தை அகலமாக்க அளவான அரம் வேண்டும். ஆழம் ஒரு மயிரிழை கூடினாலும் தந்தி ஃப்ரெட்டில் இரையும். அரம் இல்லை என்றால் கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சின்ன வேலைதான், பெரிய செலவு இல்லை.

நட் சரி என்றால் பிரிட்ஜ். கைப்பிடியை அழுத்தி விட்டபின் கிதாரைப் பக்கவாட்டில் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பிரிட்ஜ் நெட்டுக்குத்தாகத் திரும்பி நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால், மரத்தட்டில் அதன் கால்கள் தள்ளாடுகின்றன அல்லது தந்தி பிரிட்ஜின் மேல் வழுக்காமல் அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஒற்றை உலோகக் கட்டையாக இருக்கும் பிரிட்ஜும் உருளை வைத்த பிரிட்ஜும் பிக்ஸ்பிக்கு ஒத்துப்போகும். இன்னொன்று: பி-7 போன்ற மாடலில் தந்தியைக் கீழே அமுக்கும் கூடுதல் உருளை ஒன்று இருக்கும். அது கோணத்தைக் கூர்மையாக்கி உராய்வைக் கூட்டும். ஹாலோபாடிக்கு அது இல்லாத மாடலே நல்லது.

ட்யூனிங் சாவிகளை மாற்றுவது கடைசி. வழக்கத்தில் எல்லாரும் முதலில் செய்வதும் அதுதான்.

## அறிகுறி: திறந்த தந்தி சரி, மேலே போனால் அபசுரம்

ஹாலோபாடியில் பிரிட்ஜ் பல நேரம் ஒட்டப்பட்டிருக்காது. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஆறு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றியவர் கையோடு பிரிட்ஜும் வந்திருக்கும், குத்துமதிப்பாகத் திரும்ப வைத்திருப்பார்.

12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் அடியுங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி அடியுங்கள். அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜை வால் பக்கம் நகர்த்துங்கள். இறங்கிக் கேட்டால் நெக் பக்கம். தந்தியைச் சற்றுத் தளர்த்திய பிறகே நகர்த்துங்கள், இல்லாவிட்டால் மேல்பூச்சில் கோடு விழும். சரியான இடம் கிடைத்ததும் காகித டேப்பால் இரண்டு பக்கமும் அடையாளம் வையுங்கள். இனிமேல் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக.

மூன்றாவது தந்தி மட்டும் விடாமல் ஏறிக் கேட்கிறதா? 1950-களின் செட்டுகளில் மூன்றாவது தந்தி சுற்றிய தந்தி. சில ஒற்றைக்கட்டை பிரிட்ஜ்கள் அதற்கென்றே வெட்டப்பட்டவை. நீங்கள் போட்டிருப்பது வெறுங்கம்பி. ஒன்று, சுற்றிய மூன்றாவது தந்தி உள்ள செட்டை வாங்குங்கள். இல்லை, பிரிட்ஜை மாற்றுங்கள். முன்னதே மலிவு, சத்தமும் அதில்தான் நன்றாக இருக்கும்.

## அறிகுறி: ஊளை

ஊளையின் குரலைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

'ஊம்ம்' என்று அடித்தொண்டையில் வந்தால் கிதாரின் வயிறு அதிர்கிறது. ஆம்புக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பாஸைக் குறையுங்கள். மேடையில் டிரம் மேடையோ ஸ்பீக்கரோ அதிர்ச்சியைத் தரையின் வழியாக ஆம்புக்குக் கடத்தலாம். ஆம்பை நாற்காலி மேல் வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எஃப் வடிவத் துளைகளில் பஞ்சுத் துண்டை அடையுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

'கீஈ' என்று மேலே வந்தால் பிக்கப் அல்லது ட்யூப் (ஆம்புக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு). ஆம்ப் ஓடும்போது பிக்கப் மூடியை நகத்தால் தட்டுங்கள். மைக்கைத் தட்டுவது போலப் பெரிதாகக் கேட்டால் சுருள் தளர்ந்திருக்கிறது. மெழுகில் முக்கி எடுப்பவரிடம் அனுப்புங்கள். கிதாரின் வால்யூமைப் பூஜ்யமாக்கியும் கீச்சு தொடர்ந்தால், மரப்பென்சிலின் மறுமுனையால் ஆம்பின் சிறிய ட்யூப்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். மணி அடிப்பதுதான் குற்றவாளி. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, அதே எண் கொண்ட ட்யூபை மாற்றுங்கள். பெரிய ட்யூப்கள் என்றால் நீங்களே மாற்ற வேண்டாம்; பல ஆம்ப்களில் பயாஸ் (ட்யூபின் ஓய்வு மின்னோட்டம்) அளந்து வைக்க வேண்டும்.

## அறிகுறி: இரைச்சல், கரகரப்பு

கிதாரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் கிதார் அல்லது கேபிள். அப்படியே இருந்தால் ஆம்ப்.

கிதார் பக்கம் என்றால், வாசித்தபடியே மெதுவாக உடம்பைத் திருப்புங்கள். ஒரு திசையில் குறைந்தால் அது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம், பழுது இல்லை. தந்தியைத் தொட்டதும் குறைந்தால் அதுவும் வழக்கமானதே. தந்தியைத் தொட்டால் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், வால்பகுதிக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

ஹாலோபாடியில் சாலிடர் வேலை ஒரு தனிச் சோதனை. உள்ளிருப்பதை எல்லாம் எஃப் துளை வழியாக வெளியே இழுத்து, முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் அதே துளைகளில் திரும்பச் சேர்க்க வேண்டும். வெளியே எடுக்கும் முன் ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகிவிடுங்கள். திரும்ப இழுத்தால் தண்டு தானாகத் துளைக்கு வந்துவிடும். முதல் தடவை இதைச் செய்யாமல் ஒரு மாலை முழுவதும் வளைந்த கம்பியோடு மல்லுக்கட்டினேன்.

ஆம்ப் பக்கம் என்றால் எல்லை சிறியது. எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் இருக்கும்போதே கனமான 'ம்ம்ம்' கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ, பெரிய ட்யூபின் உலோகத்தகடு சிவப்பாகக் கனன்றாலோ உடனே அணையுங்கள். ஆம்பின் பின்பலகையைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், உயிரை எடுக்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ட்யூப் ஆம்பை ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

தந்தியில் கை பட்டோ மைக்கில் உதடு பட்டோ 'சுர்' என்றால் அன்றைய வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். எர்த் பின்னை வெட்டி இரைச்சலைக் குறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஆம்ப் ஒன்று ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, இல்லை சீக்கிரமே உடைகிறது

நமக்கு வேண்டியது விளிம்பு: மெதுவாக அடித்தால் தெளிவு, ஓங்கி அடித்தால் லேசான முரட்டுத்தனம். வால்யூமை ஏற்றிக்கொண்டே போய், ஓங்கி அடிக்கும்போது கார்டின் ஓரம் கிழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு கிதாரின் வால்யூமால் முன்பின் போகலாம்.

சீக்கிரம் உடைந்தால் ஆம்பின் இரண்டாவது இன்புட்டில் சொருகுங்கள். பல ஆம்ப்களில் அது 6 டெசிபல் குறைவாக வாங்கும். பாஸைக் குறையுங்கள். பிக்கப் உயரத்தை மறுபடி பாருங்கள். ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால், ஆம்பை அணைத்துவிட்டுக் கூம்பின் மேல் இரண்டு பக்கமும் விரல்களைப் பரப்பி சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் கூம்பை மாற்றும் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

உடையவே இல்லை என்றால் ஆம்ப் இடத்துக்குப் பெரிது. வீட்டிலும் சின்ன அறையிலும் 15 வாட் ட்யூப் ஆம்ப் தாராளம். பலமாக அடிக்கும் டிரம்மரும் பெரிய அரங்கும் என்றால் 40 வாட், நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் பேஸ்மேன் வகை. ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் பிரையன் செட்சர் 1959 மாடல் 6120-ஐயும் 1963 மாடல் பேஸ்மேனையும் சேர்த்து வாசிப்பதைப் பார்த்து அதையே வீட்டுக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அதை 2-க்கு மேல் திருப்ப வீட்டில் யாரும் விட மாட்டார்கள். 2-இல் அது வெறும் கனமான பெட்டி.

இத்தனையும் பார்த்த பிறகும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்கு உங்கள் பிக், உங்கள் கேபிள், எக்கோ பெடல் மூன்றையும் எடுத்துப் போங்கள். பெடலை இணைக்கும் முன் கிதாரை வெறுமனே மடியில் வைத்து, பிக்ஸ்பியைப் பத்து முறை அழுத்தி விட்டு, பிறகு ட்யூனரைப் பாருங்கள்.